வெள்ளிக்கிழமை ஊசி

முதல் ஊசியை என் தொடையில் நானே போட்டுக்கொண்ட அன்று குற்றாலத்தில் வெள்ளம். பேரருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். என் கணவர் இசக்கிராஜ் போலீஸ்காரர். சீசன் ட்யூட்டியில் அருவிக்கரையில் நின்றுகொண்டிருந்தார். ஊசி போடும்போது பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லியிருந்தவர், மதியம் போன் செய்தார்.

“ஆளுங்க கயித்தத் தாண்டித் தாண்டிப் போயிக்கிட்டு இருக்காங்க கோமதி. இங்கன இருந்து நகர முடியாது. நீ ஜெபாவக் கூப்பிட்டுக்கோ.”

ஜெபா என்னுடன் பியூட்டி பார்லரில் வேலை பார்க்கிறவள். தென்காசியில் நான் நடத்தும் அந்தச் சின்னக் கடையில் நாங்கள் இரண்டே பேர்தான். அவள் வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபம் செய்தாள். நான் தொடைச் சதையைக் கிள்ளிப் பிடித்து, ஊசியைச் செருகி, மருந்தை மெதுவாக உள்ளே தள்ளினேன். முடிந்து வெகுநேரம் ஆன பிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“ஏட்டி, போட்டாச்சு” என்றேன்.

“நெசமாவாக்கா? நீங்க கத்துவீங்கன்னுல்லா காத்துக்கிட்டு இருக்கேன்” என்றாள்.

அன்று இரண்டு பேரும் சிரித்தோம். ஊசி விஷயத்தில் நான் சிரித்தது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

போன மாதம் திருநெல்வேலியில், டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த இடத்தில், ஒரு இளம்பெண் மடியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் அந்த ஊசி போட்டவள் என்று தெரிந்ததும், கையில் அரித்த இடத்தைச் சொறிந்துகொண்டே, “உங்களுக்கும் இப்படி வந்துச்சாக்கா? பொறவு என்னாச்சு?” என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவள் இல்லை. அவளிடம் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு முடக்குவாதம் என்று தெரிந்தது நூல் வழியாகத்தான். புருவம் திருத்தும்போது நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறு பகுதியை இரண்டு கை விரல்களிலும் முறுக்கிப் பிடிப்போம். விரல் விரிந்து மூடினால்தான் நூல் ஓடும். ஒருநாள் காலையில் விரல்கள் விரியவில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்த காலேஜ் பெண் கண்ணை மூடிக் காத்திருக்கிறாள், என் வாயில் நூல், விரல்கள் மட்டும் மரக்குச்சியாக நிற்கின்றன. இரவு சரியாகத் தூங்காததால் என்று நினைத்தேன். பிறகு தினமும் காலையில் அப்படி ஆனது. சீப்பைப் பிடிக்க முடியாது. குழாயைத் திருக முடியாது. பத்து மணி வெயில் ஏறிய பிறகே கை என் கையாகும்.

தென்காசியில் எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், வைத்தியர் என்று அலைந்த பிறகு திருநெல்வேலியில் மூட்டு வாதத்துக்கென்றே இருக்கும் டாக்டரிடம் போனோம். வாதம் காட்டும் ரத்தச் சோதனைகள் இரண்டும் பாசிட்டிவ். உடம்பில் நோயை எதிர்க்க வேண்டிய சக்தி, திசை மாறிச் சொந்த மூட்டுகளையே தாக்குகிற நோய் இது என்றார். சீருடையில் இருந்த என் கணவரைப் பார்த்து, “உங்களுக்குச் சொன்னாப் புரியும் சார். காவலுக்கு நிக்க வேண்டிய ஆளு வீட்டுக்குள்ளயே லத்திய சுழட்டுனா எப்படி இருக்கும்?” என்று கேட்டார். இவர் சிரிக்கவில்லை. வெளியே வந்த பிறகு, “நல்லா உவமை சொல்லுதாரு” என்றார்.

வாரம் ஒருமுறை சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைக் கொடுத்தார்கள். தாக்குகிற சக்தியைத் தணிக்கிற மருந்து. அது வேலை செய்தது. வீக்கம் வடிந்தது, நூல் மறுபடியும் ஓடியது. ஆனால் சீட்டை எழுதும்போதே டாக்டர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். இந்த மாத்திரை உடம்பில் இருக்கும்வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. கருவைக் கெடுத்துவிடும்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணம் ஆன புதிதில் ஒன்று உண்டாகி, மூன்றாம் மாதம் கலைந்தது. அடுத்தது வரும் என்று இருந்தோம், இந்த நோய்தான் வந்தது. “முதல்ல கை சரியாகட்டும்” என்று வருஷங்களைத் தள்ளினோம். நான் முப்பதுகளின் பின்பகுதிக்கு வந்துவிட்டேன்.

என் மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். ராயகிரிக்காரர். மாமனார் இறந்த பிறகு வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வந்தவர். குழந்தையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஆனால் எந்த வீட்டுக்குப் போய் வந்தாலும், அந்த வீட்டுப் பிள்ளை என்ன சொன்னது, எப்படி நடந்தது என்று சாப்பிடும்போது சொல்வார். சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான்தான் ஒரு தடவை துணிந்து டாக்டரிடம் கேட்டேன். “மாத்திரைய நிறுத்திருவோம்” என்றார். “ உடம்பை விட்டு அது போக மூணு மாசம். அதுவரைக்கும் மூட்டு தாங்கணும், அதுக்கப்புறமும் தாங்கணும். அதுக்கு ஒரு ஊசி இருக்கு. குழந்தைக்கு முயற்சி பண்ணுறப்பவும் போடலாம். வாரம் ஒருக்கா, நீங்களே போட்டுக்கலாம்.”

அப்படித்தான் அந்த ஊசி எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் பல சோதனைகள். உடம்பில் எங்கேயாவது காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருந்தால் இந்த மருந்து அதை எழுப்பிவிடுமாம். அதற்காக நெஞ்சுப் படம் எடுத்தார்கள். முன்கையில் சின்ன ஊசி போட்டு, அந்த இடம் தடிக்கிறதா என்று மூன்றாம் நாள் வந்து காட்டச் சொன்னார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு நர்ஸ், ரப்பர் தலையணை ஒன்றில் எப்படிக் குத்துவது என்று சொல்லிக்கொடுத்தாள். மருந்து குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். போடுவதற்கு அரைமணி முன்னால் வெளியே எடுத்து வைக்க வேண்டும். குலுக்கக் கூடாது, போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. இப்படிப் பல. திருநெல்வேலி பஸ்ஸில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆலங்குளத்தில் ஏறிய ஒரு அண்ணாச்சி, “பொட்டில மீனாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

ஊசியின் விலையை இங்கே எழுதப் போவதில்லை. அத்தைக்குத் தெரிந்தால் சோறு இறங்காது என்று அவரிடமும் சொல்லவில்லை. எந்த நாளில் போடலாம் என்று மட்டும் அவரிடம் கேட்டேன். “வெள்ளிக்கிழமை போடு” என்றார். ஃப்ரிட்ஜில் மாவுச் சட்டிக்கும் மல்லிகைப்பூப் பொட்டலத்துக்கும் பின்னால் அது இருந்தது. சாரல் காலத்தில் அடிக்கடி கரண்ட் போகும். போகும்போதெல்லாம் எனக்கு முன்னால் அத்தை போய் ஃப்ரிட்ஜ் கதவில் கை வைத்துக்கொண்டு நிற்பார், யாரும் திறந்துவிடாதபடி.

முதல் சில வாரங்கள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு வெள்ளி கழிந்த சனிக்கிழமை, குளிக்கும்போது பார்த்தேன். ஊசி போட்ட இடத்தில் டம்ளர் வாயளவுக்கு வட்டமாகச் சிவந்திருந்தது. தொட்டால் சூடு. தடிப்பு. அரிப்பென்றால் அப்படியோர் அரிப்பு. ஜட்டிப் பட்டியோ பாவாடை நாடாவோ உரசினால் தாங்காது. அதைவிடப் பயமுறுத்தியது, போன வாரம் போட்ட இடமும் கூடவே சிவந்திருந்ததுதான்.

நர்ஸுக்குப் போன் செய்தேன். “இது நிறையப் பேருக்கு வரும்க்கா. பயப்படாதீங்க. அஞ்சு நாள்ல அமுங்கிரும். ஈரத்துணிய வச்சு எடுங்க. சொறியாதீங்க. ஒரே இடத்துல போடாதீங்க, இடத்த மாத்தி மாத்திப் போடுங்க” என்றாள். மூச்சு முட்டினாலோ, உதடு வீங்கினாலோ, உடம்பு முழுக்கத் தடித்தாலோ மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றும் சொன்னாள். அரிப்புக்கு ஒரு மாத்திரை, தடவ ஒரு களிம்பு.

அவள் சொன்னது சரிதான். அமுங்கியது. அடுத்த வெள்ளி வேறு இடத்தில் வந்தது. வலது தொடை, இடது தொடை, தொப்புளைத் தள்ளி வயிறு என்று மாற்றி மாற்றிப் போட்டேன். மேல்கையின் பின்பக்கம் நமக்கு எட்டாது. அங்கே ஜெபா போட்டாள், இப்போது கண்ணைத் திறந்துகொண்டே. என் கணவரிடம் ஒருமுறை ஊசியைக் கொடுத்தேன். கூட்டத்தில் கத்தியோடு நின்றவனை ஒற்றை ஆளாகப் பிடித்தவர் என்று ஸ்டேஷனில் அவருக்குப் பெயர். ஊசி முனை என் தோலில் படும் முன்னே நெற்றி வியர்த்து, ஊசியை என்னிடமே நீட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “வேற யாருக்குன்னாலும் போட்டிருவேன்” என்றார்.

தோல் இப்படி இருந்தாலும் மூட்டுகள் நன்றாக இருந்தன. இதைச் சொல்லியே ஆக வேண்டும். இத்தனை வருஷத்தில் என் கைகள் அவ்வளவு லேசாக இருந்ததில்லை. ஒரு கல்யாணப் பெண்ணுக்குத் தலை பின்னி, பூ வைத்து, முகத்துக்குப் போட்டு, சேலை மடிப்பு எடுத்து எல்லாம் நான் ஒருத்தியே செய்தேன். டாக்டர் சொன்ன மூன்று மாதமும் முடிந்திருந்தது. “இனி முயற்சி பண்ணலாம்” என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை இவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வரும்போது எடுத்து எடுத்துப் பார்த்தார்.

தடிப்பைப் பார்த்த அத்தை, “அருவியில நாலு நாளு நின்னா எந்தத் தோல் நோயும் நிக்காது. அத்தனையும் மூலிகைத் தண்ணில்லா” என்று ஒரேயடியாகச் சொன்னார். தண்ணீர் குளிர்ச்சிதானே, அரிப்பாவது அடங்கும் என்று போனோம். பேரருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் அதிகமில்லை. தலையில் விழுந்தால் கழுத்து தாங்காது என்று ஓரத்துத் தண்ணீரில், அந்த வாரம் ஊசி போட்ட கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றேன். அரிப்பு அப்படியே செத்துப்போனது. ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து அவ்வளவு சுகமாக இருந்ததில்லை. கண்ணை மூடி நின்றுவிட்டேன்.

நைட்டியின் கை மேலே ஏறியிருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒரு வெளியூர்க்காரி என் மேல்கையைப் பார்த்துவிட்டு, தன் சின்ன மகளைச் சட்டென்று இழுத்து அந்தப் பக்கம் விட்டாள்.

“ஏங்க, இது படைதானே? புள்ளைங்க குளிக்கிற இடத்துல இதோட வந்து நிக்கிறீங்களே.”

“ஒட்டாதுங்க. ஊசி போட்ட இடம்” என்றேன்.

அவளுக்குத் தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ. மகளின் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அந்தக் குழந்தை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அத்தை கரையேறி வந்து ஈரத்துண்டை என் தோளில் சுற்றிப் போட்டார். “வாட்டி, போவோம். நம்ம ஊரு அருவி எங்க போயிரப் போவுது” என்றார். தூரத்தில் ஆண்கள் பக்கம் இவர் விசில் ஊதிக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். வீட்டுக்கு வந்த பிறகும் அவரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் என்னைச் சாய்த்தது. உள்ளங்கையில் கடுகளவில் மஞ்சள் கொப்புளங்கள் தோன்றின. வேனல் கட்டி என்று நினைத்தேன். உள்ளங்காலிலும் வந்தது. கொப்புளங்கள் காய்ந்து பழுப்பாகி, தோல் உரிந்து, ரேகைகள் எல்லாம் பிளந்து ரத்தம் கசிந்தது. ஊசி போடாத இடத்தில் எப்படி வரும் என்று எனக்குப் புரியவில்லை. கையுறை போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். ஒருநாள் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா, ரொம்பத் தயங்கி, என் மனம் நோகக் கூடாது என்று சிரித்துக்கொண்டே, “பொண்ணுக்கு ஜெபாவே மேக்கப் போடட்டுமே. நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்களேன்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. என் மகளாக இருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். உள்ளே போய், துண்டுகளை மடிப்பது போல நின்றுகொண்டிருந்தேன்.

தென்காசியில் தோல் டாக்டர் உள்ளங்காலில் மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அந்த முடிவு வருமுன்பே காய்ச்சல் வந்துவிட்டது. கால் வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போயிருக்கிறது. கணுக்கால் வரை சிவந்து, பளபளவென்று வீங்கி, நடுக்கம் எடுத்தது. தோலுக்கடியில் கிருமி பரவுவதற்கு ‘செல்லுலைட்டிஸ்’ என்று பெயர் சொன்னார்கள். சாதாரணமாக இருக்கிறவர்களுக்கு மாத்திரையில் தீரும். என் ஊசி எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருப்பதால் என்னை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று பெட்டில் சேர்த்தார்கள்.

ஆஸ்பத்திரி ஜன்னலில் மலை தெரிந்தது. தெரிந்தது என்றால், மேகம் விலகும்போது மட்டும். ஒரு கையில் டிரிப்ஸ், மறு கையில் களிம்பும் கட்டும். எதையும் பிடிக்க முடியாது. அத்தைதான் கூட இருந்தார். பல் தேய்த்துவிட்டார். சோற்றைப் பிசைந்து ஊட்டினார். கழிப்பறைக்குக் கூட்டிப்போய், வெளியே நிற்காமல் உள்ளேயே நின்று, என் பாவாடையைத் தூக்கிப் பிடித்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. “எனக்கு நீ செய்யுத காலம் வரத்தான செய்யும்” என்று சொல்லி வாயை அடைத்துவிட்டார். மகனின் பழைய பனியன்களை வெட்டி, என் கைக்கும் காலுக்கும் உறை தைத்துக்கொண்டு வந்திருந்தார். களிம்பைப் பூசி அதை மாட்டினால் துணி ஒட்டாது, உறுத்தாது. நர்ஸுகள் பார்த்துவிட்டு, “ஆச்சி, எங்களுக்கும் ரெண்டு தைச்சுத் தாங்க” என்றார்கள்.

இவர் ட்யூட்டி முடிந்து அப்படியே சீருடையில் வருவார். வார்டில் எல்லோரும் எழுந்து உட்காருவார்கள். கட்டிலோரம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, குற்றாலத்தில் வாங்கிய மங்குஸ்தானை உடைத்து, சுளை சுளையாக என் வாயில் வைப்பார். ஊதாச் சாறு பட்டு அவர் விரலெல்லாம் கறையாக இருக்கும். ஒருநாள், “அந்த ஊசி இனிமே வேண்டாம் என்ன?” என்றார்.

“அப்பப் புள்ளைக்கு?” என்று கேட்டேன்.

அடுத்த பழத்தை எடுத்து உடைத்தார்.

சோதனை முடிவு வந்தது. தோல் டாக்டர் உட்கார்ந்து விளக்கினார். இது ஒட்டுகிற நோயில்லை. சொரியாசிஸ் மாதிரி ஒன்று. வேடிக்கை என்னவென்றால், நான் போடுகிற இதே வகை ஊசியைச் சொரியாசிஸைக் குணப்படுத்தவும் கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு சிலருக்கு மட்டும் அதே ஊசி அதை உண்டாக்கிவிடுகிறது. “உங்க தப்பு எதுவும் இல்லம்மா. நீங்க சாப்பிட்டது, குளிச்சது எதனாலயும் வரல” என்றார். அத்தை அதைக் கேட்டதும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அருவிக்குக் கூட்டிப் போனதால்தான் வந்தது என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து நடக்க முடிந்ததும் திருநெல்வேலிக்குப் போனோம். மூட்டு டாக்டர் என் உள்ளங்கைகளை விளக்குக்கு நேராகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். ஊசியை நிறுத்தியே ஆக வேண்டும். அதே வகையில் வேறு ஊசிகள் இருக்கின்றன, ஆனால் அவையும் இதையே செய்யக்கூடும். குழந்தைக்குக் கெடுதல் செய்யாத, கொஞ்சம் வலுக்குறைந்த மாத்திரைகள் உண்டு. “அதை வச்சு ஓட்டிப் பாப்போம். மூட்டு தாங்குச்சுன்னா நல்லது” என்றார்.

தோல் ஆறத் தொடங்கியது. உள்ளங்கையில் புதுத்தோல் வந்தது, குழந்தைத் தோல் மாதிரி இளஞ்சிவப்பாக. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அதே வாரத்தில் காலையில் விரல்கள் மறுபடி விறைத்தன. ஐப்பசி மழையில் முழங்கால் பிடித்தது. தைக்குள் மணிக்கட்டு இரண்டும் வீங்கிவிட்டன. மாதாமாதம் நாள் தள்ளுகிறதா என்று பார்ப்பேன். ஒருமுறை தள்ளியது. யாரிடமும் சொல்லாமல் மருந்துக்கடைக்குப் போய்ச் சோதிக்கும் அட்டை வாங்கி வந்தேன். ஒரு கோடுதான் விழுந்தது. இன்னொரு கோடு மங்கலாக இருக்கிறதோ என்று வாசல் வெளிச்சத்தில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அன்று சாயங்காலமே மாதவிலக்கு வந்தது.

அடுத்த முறை டாக்டர் கை எக்ஸ்ரேயைப் பழைய படத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். விரல் எலும்பின் ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம். “இது அரிப்பு. எலும்பு அரிச்ச அரிப்பு. தோல் ஆறும்மா, இது ஆறாது. போன எலும்பு திரும்ப வராது. இன்னும் காத்திருந்தா விரல் கோணிரும்.” பழைய மெத்தோட்ரெக்சேட்டுக்கே திரும்பலாம் என்றார். அது மூட்டுக்கும் ஆகும், மிச்சமிருக்கும் தோல் நோய்க்கும் ஆகும். “ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்ப யோசிக்கலாம்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வயது அவர் முன்னால் இருந்த அட்டையிலேயே எழுதியிருந்தது.

பஸ் பாவூர்சத்திரத்தில் வெகுநேரம் நின்றது. இவர் இறங்கி டீ வாங்கி வந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“நீ என்ன நினைக்க?” என்று கேட்டார்.

“நீங்க சொல்லுங்க.”

“எனக்குப் புள்ள ஆசை இல்லன்னு சொன்னா அது பொய்யி. இருக்கு. ஆனா நீ காலையில எந்திரிக்க முடியாம, சத்தம் வராம அழுவுதல்லா, நான் தூங்குதேன்னு நினைச்சுக்கிட்டு. அதக் கேட்டுக்கிட்டே படுத்துக் கெடக்க என்னால முடியல கோமதி.”

ஜன்னலுக்கு வெளியே தேங்காய் லாரிகள் நின்றன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“அத்தகிட்ட யாரு சொல்ல?” என்றேன்.

“நான் சொல்லுதேன்.”

அவர் சொல்லவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, பிறகு மோர் கேட்டார். நான்தான் சொன்னேன். அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, பழைய மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கப் போகிறேன், இனிப் பிள்ளை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்தேன். உரிப்பது நின்றது.

“அத சாப்பிட்டா கை கோணாதுல்லா?”

“கோணாது அத்தை.”

“அப்பச் சாப்பிடு.”

எழுந்து போய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்தார். அவை காயவே இல்லை. மறுபடியும் ஒவ்வொன்றாக உதறிப் போட்டார். வெகுநேரம் அங்கேயே நின்றார். நான் போய்க் கூப்பிடவில்லை. எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

மாத்திரையை ஆரம்பித்தேன். மறுநாள் குமட்டும், அதற்கு ஃபோலிக் அமிலம் தருகிறார்கள். கால்வெடிப்பு முழுவதும் மூடிவிட்டது. ஊசி போட்ட இடங்களில் ஒன்றிரண்டு பழுப்புத் தழும்புகள் மட்டும் இருக்கின்றன. விரல்கள் பெரும்பாலான காலைகளில் விரிகின்றன. தத்து எடுப்பதைப் பற்றி ஜெபா மெதுவாகப் பேச்செடுத்தாள். இப்போது வேண்டாம் என்றேன். இன்னும் கொஞ்சம் துக்கப்பட வேண்டியிருக்கிறது, அது முடிந்தால்தான் வேறொன்றை நினைக்க முடியும்.

பங்குனி உத்திரத்துக்கு ராயகிரிப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வச் சாஸ்தா கோயிலுக்குப் போனோம். வருஷந்தோறும் போகிறதுதான். குளக்கரையில் பொங்கல் வைத்து முடித்து, எல்லாக் குடும்பங்களும் வரிசையில் நின்று அர்ச்சனைக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவர்கள் பேரன், பேத்தி என்று நட்சத்திரத்தோடு நீளமாகச் சொன்னார்கள். எங்கள் முறை வந்தது. அத்தை தேங்காய்ப் பழத் தட்டை நீட்டி, மகன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். அடுத்து என் பெயரும் நட்சத்திரமும். பூசாரி வயதானவர்; வருஷா வருஷம் அத்தை கடைசியில் என்ன சேர்த்துச் சொல்வார் என்று அவருக்குத் தெரியும். தட்டை வாங்கிக்கொண்டு காத்திருந்தார்.

அத்தை அதோடு நிறுத்திக்கொண்டார்.

“பிள்ள வரம்னு சேத்துச் சொல்லவா ஆச்சி?” என்று அவரே கேட்டார்.

“வேண்டாம்யா” என்றார் அத்தை. என் மணிக்கட்டை, வலி இருக்கும் இடத்துக்கு மேலே தள்ளி, மெதுவாகப் பிடித்துக்கொண்டார். “எங்க வீட்டுல இவங்க ரெண்டு பேருதான். நல்லாச் சத்தமாச் சொல்லும்.”

பூசாரி மணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இரைச்சலுக்கு நடுவே என் பெயர் தெளிவாகக் கேட்டது.